கேப்டன் ரிச்சர்ட் மோர் யாருடைய மகன்?

மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரில் (நம்ம சேலம் இல்லை) சார்ட்டர் தெருவில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1692 சூனிய வழக்குகளை விசாரித்த ஜான் ஹாத்தோர்ன் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார் என்பதால் சுற்றுலாக் கூட்டம் எப்போதும் உண்டு. வம்சாவளி தேடி வருபவர்கள் ஹாத்தோர்னை விட்டுவிட்டு வேறொரு கல்லைத் தேடிப் போவார்கள். கேப்டன் ரிச்சர்ட் மோரின் உடல் இங்கே அடக்கம், வயது 84 என்று அதில் வெட்டியிருக்கிறது. அதன் கீழே, 1692இல் இறந்தார், மேஃபிளவர் யாத்ரிகர் என்று பிற்காலத்தில் யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

1620இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேற மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பேரில், இறந்த சமயத்தில் நட்ட கல் அதே இடத்தில் இன்றும் நிற்பது இவருக்கு மட்டுமே என்பார்கள். அப்படிப்பட்ட கல்லிலேயே இரண்டு தகவல்கள் உதைக்கின்றன. 1694 மார்ச்சில் இதே மனிதர் உயிரோடு ஒரு ஆவணத்தில் இருக்கிறார். 1696 ஏப்ரலில்தான் காலமானவராகக் குறிப்பிடப்படுகிறார். ஆக 1692 தவறு. 84 என்ற வயதும் சரியில்லை. அது ஏன் என்று பார்க்கப் போனால் அட்லாண்டிக்கைத் தாண்டி, இங்கிலாந்தின் வேல்ஸ் எல்லையோரம் இருக்கும் ஷ்ராப்ஷயர் வரை போக வேண்டியிருக்கும்.

கேள்வி ரொம்பச் சாதாரணமானது. இந்தச் சிறுவன் எங்கிருந்து வந்தான், பெற்றோர் யார்? அதற்கு உருப்படியான பதில் கிடைக்க 1959 வரை ஆனது.

முதலில் அமெரிக்கப் பக்கத்தில் என்ன இருந்தது என்று பார்க்கலாம். கப்பலில் வந்தவர்கள் அமைத்த பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட், கப்பல் வந்து சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து, அதில் யார் யார் வந்தார்கள், அவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு பட்டியல் எழுதினார். பயணிகளில் வில்லியம் ப்ரூஸ்டரிடம் ரிச்சர்ட் மோர் என்ற பையனும் அவன் சகோதரன் ஒருவனும் ஒப்படைக்கப்பட்டார்கள், எட்வர்ட் வின்ஸ்லோவிடம் எல்லன் என்ற சிறுமி, ஜான் கார்வரிடம் ஜாஸ்பர் என்ற பையன். பிராட்ஃபோர்ட் தருவது இவ்வளவுதான். நான்கு பிள்ளைகளில் மூவர் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. ஜாஸ்பர் டிசம்பர் 6 அன்று, கப்பல் கேப் காட் துறைமுகத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே இறந்துபோனான். மிஞ்சியவன் ரிச்சர்ட் மட்டும்.

ஊர் பெயர் இல்லை, பெற்றோர் பெயர் இல்லை, பெரியவர்கள் யாரும் கூட வரவில்லை. பிள்ளைகளோ மூன்று வீடுகளில் பிரிந்து கிடக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு பிற்காலத்தவர் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இவர்கள் லண்டன் தெருவில் திரிந்த அனாதைகளாக இருக்க வேண்டும். அது ஒன்றும் மடத்தனமான ஊகம் இல்லை. அதற்குச் சற்று முன்புதான் லண்டன் மாநகர நிர்வாகம் ஏழைப் பிள்ளைகளில் ஒரு நூறு பேரைத் திரட்டி வர்ஜீனியாவுக்குக் கப்பலேற்றியிருந்தது. அந்த வரிசையில் இந்த நான்கு பேரையும் சேர்த்துவிட்டார்கள்.

இதைக் கலைக்கும் துப்பு ரிச்சர்ட் மோரின் வாயிலிருந்தே வந்தது. 1684 செப்டம்பரில் அவர் ஒரு வாக்குமூலம் கொடுக்கிறார். பிளிமத் பக்கம் தாமஸ் வெஸ்டனின் ஆட்கள் எப்போது வந்து குடியேறினார்கள் என்பதுதான் அங்கே விஷயம். தனக்குச் சுமார் 70 வயது என்கிறார். 1620இல் லண்டனில் இரும்பு வணிகர் தாமஸ் வெஸ்டன் வீட்டில் இருந்ததாகவும், அங்கிருந்து நியூ பிளிமத்துக்குக் கொண்டுவரப்பட்டதாகவும் சொல்கிறார். வெஸ்டன் என்பவர் மேஃபிளவர் பயணத்துக்கு முதலீடு திரட்டிய தரகர். தெருவில் பிடித்த பிள்ளை அந்த வீட்டில் எப்படித் தங்கும்? யாரோ விவரம் தெரிந்தவர்கள், பணம் கொடுத்து, ஆள் வைத்து, இந்தப் பிள்ளைகளை அங்கே சேர்த்திருக்க வேண்டும்.

அந்த வயதும் உதவியது. 1684இல் 70 என்றால் பிறப்பு 1614 வாக்கில். 1635இல் லண்டனிலிருந்து புறப்பட்ட பிளெஸ்ஸிங் கப்பலின் பயணிகள் பட்டியலில் ரிச்சர்ட் மோர், வயது 20 என்று ஒருவர் இருக்கிறார். 1620இலேயே அமெரிக்கா வந்தவர் 1635இல் மறுபடி எப்படி வருவார் என்று தோன்றலாம். ஆனால் அதே கப்பலில் கிறிஸ்டியன் ஹண்டர் என்ற 20 வயதுப் பெண்ணும் வருகிறார், அடுத்த ஆண்டு அக்டோபரில் பிளிமத்தில் ரிச்சர்ட் மோர் மணந்துகொண்டது அவரைத்தான். இடையில் ஊருக்குப் போய்த் திரும்பியிருக்கிறார், அவ்வளவுதான். அங்கேயும் கணக்கு 1614, 1615 என்றே வருகிறது. வயதான காலத்தில் ஓரிரு வருடம் கூட்டிச் சொல்வது உலக வழக்கம், கல்லறைக் கல்லில் சொல்லவே வேண்டாம். தானே சொன்ன வயதும், இளவயதில் கப்பல் எழுத்தர் குறித்த வயதும் ஒத்துப்போனால் கல்லை நம்ப வேண்டியதில்லை.

இனி இங்கிலாந்து. அங்கே 1538 முதல் ஒவ்வொரு பங்குத் தேவாலயமும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது அரசாணை. ஷ்ராப்ஷயரில் ஷிப்டன் என்ற சின்ன ஊரின் ஏட்டில் எல்லன் 1612 மே, ஜாஸ்பர் 1613 ஆகஸ்ட், ரிச்சர்ட் 1614 நவம்பர் 13, மேரி 1616 ஏப்ரல் என வரிசையாக நான்கு திருமுழுக்குகள். தந்தை சாமுவேல் மோர், தாய் கேத்தரின். ரிச்சர்ட் மோர் என்ற பெயர் இங்கிலாந்தில் மலிவானது, அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் எல்லன், ஜாஸ்பர், ரிச்சர்ட் என்று மூன்று பெயரும் ஒரே வீட்டில், வயதும் பொருந்தி வருவது தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஜாஸ்பர் என்பது அப்படித் தெருவுக்குத் தெரு இருந்த பெயரும் இல்லை.

நான்காவது பிள்ளைதான் இடித்தது. பிராட்ஃபோர்ட் சொல்வது சகோதரன், ஷிப்டன் ஏட்டில் இருப்பதோ மேரி. முப்பது ஆண்டுக்கு முன் இறந்த நான்கு வயதுக் குழந்தை ஆணா பெண்ணா என்பதில் பிராட்ஃபோர்டுக்கு நினைவு பிசகியிருக்கிறது. ஏட்டுக்கும் நினைவுக்கும் முரண் வந்தால், நிகழ்ந்த அன்றே எழுதப்பட்டதற்குத்தான் எடை அதிகம்.

1905இலேயே ஷிப்டனைச் சுட்டி நியூயார்க்கின் ஒரு வம்சாவளி இதழில் கட்டுரை வந்துவிட்டது. ஆனாலும் பலருக்கு அது செரிக்கவில்லை, அதற்குக் காரணமும் இருந்தது. ஷிப்டன் மோர்கள் நிலபுலன் உள்ள குடும்பம். லார்டன் என்ற பண்ணை வீடு அவர்களுடையது. லின்லியில் இருந்த உறவுக்கார மோர்கள் அதைவிட வசதி. தகப்பனும் தாயும் உயிரோடு இருக்கும்போது, அப்படிப்பட்ட வீட்டின் நான்கு பிள்ளைகளை, மூத்ததற்கே எட்டு வயது, முன்பின் தெரியாதவர்களிடம் வேலைக்காரப் பிள்ளைகளாகக் கப்பலேற்றி விடுவார்களா? ஏடு பெயரைத் தந்ததே தவிர இந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பதில் லின்லி ஹாலின் பரணில் இருந்தது. 1950களில் அந்த வீட்டுக்கு உரியவர் ஜாஸ்பர் மோர். பின்னால் நாடாளுமன்ற உறுப்பினரானவர், சாமுவேலின் வழிவந்தவர். அரச வம்சாவளி அலுவலகத்தில் ரிச்மண்ட் ஹெரால்ட் பதவியில் இருந்த ஆந்தனி வாக்னர் அவருடைய நண்பர். அவர் தூண்டுதலில் பழைய காகிதங்களைப் புரட்டியபோது 1959இல் ஒரு வாக்குமூலம் அகப்பட்டது. 1622இல் கேத்தரின் மோர் தலைமை நீதிபதி ஜேம்ஸ் லேயிடம் மனு கொடுக்கிறார்: என் பிள்ளைகள் எங்கே? அதற்குச் சாமுவேல் மோர் எழுதிக் கொடுத்த பதில் அது. வாக்னர் அதை 1960இல் பாஸ்டனின் நியூ இங்கிலாந்து வம்சாவளி இதழில் வெளியிட்டார். அத்துடன் அனாதைக் கதை முடிந்தது.

அந்தப் பதில் சொல்லும் கதை நமக்கு அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. லார்டன் வீட்டுப் பெரியவர் ஜாஸ்பர் மோருக்கு ஆண் வாரிசு மிஞ்சவில்லை, இருந்தது மகள் கேத்தரின். சொத்து கைமாறக் கூடாது, மோர் என்ற பெயரும் போகக் கூடாது. லின்லி மோர்களின் மகன் சாமுவேல் உறவுமுறைதான். 1611 பிப்ரவரி 4 அன்று கல்யாணத்தை முடித்தார்கள். (அந்தக் காலத்து இங்கிலாந்தில் வருடம் மார்ச் 25 அன்றுதான் பிறக்கும். அதனால் ஏட்டில் இது 1610 என்றே இருக்கும். இதைக் கவனிக்காமல் தேதி எடுத்தால் ஒரு வருடம் தவறும்.) மாப்பிள்ளைக்குப் பதினாறு, பதினேழு வயது. பெண் அவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர்.

சாமுவேலுக்கு எட்வர்ட் ஸூஷ் பிரபுவிடம் செயலாளர் வேலை. பெரும்பாலும் வெளியூரில்தான் இருந்தார். ஐந்து ஆண்டுகளில் நான்கு பிள்ளைகள். பிறகு ஒரு நாள் குற்றம்சாட்டுகிறார்: பிள்ளைகளில் பெரும்பாலோரின் முகமும் உடலமைப்பும் ஜேக்கப் பிளேக்வேயைப் போல இருக்கின்றன. பிளேக்வே லார்டன் பக்கத்தில் குத்தகைக்கு இருந்தவர். மேரிக்குத் திருமுழுக்கு நடந்த அதே 1616 ஏப்ரலில், தன் தந்தையின் ஆலோசனைப்படி, இந்தப் பிள்ளைகளுக்குச் சொத்துப் போகாதபடி பத்திரம் எழுதுகிறார். நான்கு பேரையும் தாயிடமிருந்து பிரித்து, லின்லிக்கு அருகே தன் தந்தையின் குத்தகைக்காரர் ஒருவர் வீட்டில் கொண்டுபோய் வைக்கிறார்.

கேத்தரின் சும்மா இருக்கவில்லை. அந்த வீட்டுக்கே போகிறார். வாக்குமூலத்தின்படி, கொலைவெறிச் சாபமிட்டபடி பிள்ளைகள் உடுத்தியிருந்த துணிகளைக் கிழித்தெறிந்தார். பிளேக்வே பற்றி அவர் சொன்னதாகவும் ஒரு வரி வருகிறது: இந்தக் கல்யாணத்துக்கு முன்பே எங்களுக்குள் நிச்சயமாகிவிட்டது, சாட்சி வைத்து நிரூபிக்க என்னால் முடியாவிட்டாலும் கடவுள் முன்னால் அது ஒன்றுதான்.

இந்த வரி சாமுவேலின் காகிதத்தில்தான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அவர் இதைக் கேத்தரினுக்கு எதிரான ஒப்புதல் வாக்குமூலமாக எழுதுகிறார். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. அன்றைய தேவாலயச் சட்டத்தில் முன்நிச்சயம் என்பது வெறும் பேச்சு இல்லை. நிரூபித்துவிட்டால் பின்னால் நடந்த கல்யாணம் செல்லாது என்றே வாதாடலாம். அதாவது, சட்டம் தெரிந்த யாரோ சொல்லிக் கொடுத்தது போன்ற ஒரு வாதத்தைத்தான் அவர் முன்வைத்திருக்கிறார். துணியைக் கிழித்த காட்சியும் அப்படித்தான். பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு வர ஒரு தாய் போராடியபோது துணி கிழிந்ததா, இல்லை சாமுவேல் சொல்வது போல் வெறியில் கிழித்தாரா, இதைச் சொல்ல எதிர்த்தரப்புக் காகிதம் இல்லை. சாமுவேல் ஒரு வழக்கில் பிரதிவாதி. பிள்ளைகள் எங்கே என்று நீதிபதி கேட்கிறார், மூன்று பேர் செத்துப்போயிருக்கிறார்கள். அந்த நிலையில் இருக்கும் ஒருவர் மனைவியை நல்லவராகக் காட்டி எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

வழக்குகள் தேவாலய நீதிமன்றத்தில் நடந்தன. 1619இல் கணவன் மனைவி பிரிந்து வாழலாம் என்று தீர்ப்பு. கேத்தரின் மேல்முறையீடு செய்தார், அதற்கும் மேலே போனார். 1620 ஜூலையில் எல்லாம் தள்ளுபடி. அதே மாதம் மேஃபிளவர் லண்டனிலிருந்து சவுதாம்ப்டனுக்குக் கிளம்பியது.

பிள்ளைகளை லண்டனுக்குக் கொண்டுவந்து வெஸ்டனிடம் சேர்த்த பொறுப்பு ஃபிலிமன் பவல் என்பவருடையது. வெஸ்டனும், பயணிகள் தரப்பில் ஜான் கார்வரும் ராபர்ட் குஷ்மனும் ஒப்புக்கொண்டார்கள். சாப்பாடு, துணி, தங்க இடம் தர வேண்டும், ஏழு ஆண்டு முடிந்ததும் தலைக்கு 50 ஏக்கர் நிலம். ஊரில் இருந்தால் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரும் களங்கம் ஒட்டிக்கொண்டே இருக்கும், அதைத் தவிர்க்கவே அனுப்பினேன் என்பது சாமுவேலின் விளக்கம். ஸூஷ் பிரபுவுக்கு வர்ஜீனியா கம்பெனியில் இடம் உண்டு என்பதால் இந்த வழி அவர்களுக்கு எளிதில் தோன்றியிருக்கும். ரிச்சர்ட் 1684இல் சொன்ன வெஸ்டன் வீடு இந்தக் காகிதத்தில் அப்படியே வந்து பொருந்துகிறது. இரண்டு ஆவணங்கள், இடையில் அறுபது ஆண்டு, இடையில் ஒரு பெருங்கடல். அடையாளம் உறுதி என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

சாமுவேல் பின்னால் மறுமணம் செய்துகொண்டார். உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படைக்காக 1644இல் ஹாப்டன் கோட்டையைக் காத்து நின்றார். சரணடைந்த பிறகு அவருடைய ஆட்கள் கொல்லப்பட, அவர் உயிர் தப்பினார். ஷ்ராப்ஷயர் வரலாற்றில் அவர் பெயர் நிற்பது அதற்காகத்தான்.

வாக்னர் அத்துடன் விடவில்லை. 1970இல் இன்னொரு கட்டுரையில், ரிச்சர்ட் மோருக்கு அரச வம்சத் தொடர்பு இருப்பதைக் காட்டினார். ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் டேவிட் வரை அந்தக் கொடி மேலே போகிறது. அனாதை என்று இருந்தவருக்குத் திடீரென ராஜ பரம்பரை! அமெரிக்க வம்சாவளி ஆர்வலர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடையாது. ஆனால் அந்தக் கொடி எந்த வழியாகப் போகிறது என்று கவனிக்க வேண்டும். அது கேத்தரின் வழி. சாமுவேல்தான் தகப்பனா, பிளேக்வேயா என்ற சண்டை அதைத் தொடவே தொடாது. பிள்ளைகளைப் பெற்றவர் கேத்தரின் என்பதில் யாருக்கும் எந்தக் கட்டத்திலும் சந்தேகம் வந்ததில்லை. எந்தப் பெண்ணின் பெயரைக் கெடுக்க அந்த 1622 காகிதம் எழுதப்பட்டதோ, அவர் மூலமாகத்தான் இன்று ஆயிரக்கணக்கானோர் மன்னர் குலம் என்று மார்தட்டுகிறார்கள்.

ரிச்சர்டின் பிற்கால வாழ்க்கையும் தேடுபவருக்குச் சோதனைதான். 1627இல் பிளிமத்தில் மாடுகளைப் பங்கிட்ட பட்டியலில் ப்ரூஸ்டர் வீட்டோடு இருக்கிறார். ஏழு ஆண்டு ஒப்பந்தம் அப்போதுதான் முடிகிறது. பிளிமத் அருகே டக்ஸ்பரியில் இருந்த நிலத்தை 1637இல் விற்றுவிட்டுச் சேலத்துக்குப் போய்க் கப்பல் தலைவரானார். வர்ஜீனியாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சரக்கு ஏற்றினார்.

அப்புறம் வருகிறது லண்டன் ஸ்டெப்னியில் செயின்ட் டன்ஸ்டன் தேவாலயத்தின் திருமண ஏடு. 1645 அக்டோபர் 23: நியூ இங்கிலாந்துச் சேலத்தைச் சேர்ந்த மாலுமி ரிச்சர்ட் மோருக்கும், லைம்ஹவுஸ் பெண் எலிசபெத் வுல்னோவுக்கும் கல்யாணம். சேலத்தில் கிறிஸ்டியன் உயிரோடு இருக்கிறார், 1676 வரை இருந்தார். வேறு ரிச்சர்ட் மோராக இருக்கலாமே என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஊரும் தொழிலும் எழுதியிருக்கும்போது அந்தச் சால்ஜாப்பு எடுபடாது. 1640களில் சேலத்தில் அந்தப் பெயரில் எத்தனை மாலுமிகள் இருந்திருக்க முடியும்? 1688இல் சேலம் திருச்சபை, பல காலமாகச் சந்தேகத்தில் இருந்த கிழட்டுக் கேப்டன் மோர், பிறன் மனைவியோடு பிடிபட்டு மூன்று சாட்சிகளால் நிரூபணமானார் என்று எழுதிக் கண்டித்தது. பின்னர் வருந்தியதும் சேர்த்துக்கொண்டார்கள். தாயைப் போல மகன் என்று சிலர் இதற்கு ஒரு முடிச்சுப் போடுவார்கள். ஐந்து வயதுக்குள்ளேயே தாயை விட்டுப் பிரிக்கப்பட்டவன் விஷயத்தில் அது வீண் பேச்சு.

இந்த இரட்டைக் கல்யாணம் வம்சாவளி எழுதுபவருக்குச் செய்யும் வேலை வேறு. எலிசபெத்துக்குப் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு மறுவருடம் மார்ச்சில் அதே தேவாலயத்தில் திருமுழுக்கு. ஆகவே மேஃபிளவர் வழிவந்தோர் இங்கிலாந்திலும் இருந்திருக்கலாம், சேலம் ஏடுகளை மட்டும் பார்த்தால் அவர்கள் தென்பட மாட்டார்கள்.

கொடிவழிப் படம் போடும்போது தகப்பன் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்று அடிக்கடி கேட்கிறார்கள். சாமுவேல் மோர் என்று எழுதலாம். திருமுழுக்கு ஏடு அப்படித்தான் சொல்கிறது, சட்டப்படி கல்யாணத்துக்குள் பிறந்த பிள்ளை. பக்கத்திலேயே 1616 குற்றச்சாட்டையும் குறித்துவிட வேண்டும். பிளேக்வே பெயரை எழுதுவது சரியில்லை. முகச்சாயல் என்பது ஒரு கணவரின் பேச்சு, அதுவும் அவரே எல்லாப் பிள்ளைகளையும் சொல்லவில்லை, பெரும்பாலோர் என்றுதான் எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கில் ரிச்சர்ட் உண்டா இல்லையா என்று காகிதம் சொல்வதில்லை. மரபணுச் சோதனை இதைத் தீர்க்காதா என்றால், தகப்பன் வழி ஒய் குரோமோசோம் ஆணிலிருந்து ஆணுக்கு அறாமல் வர வேண்டும். ரிச்சர்டிலிருந்து அப்படி வந்த ஒருவரும், ஒப்பிட லின்லி மோர் வழியில் ஒருவரும் தேவை. தாய் வழியாக ரிச்சர்டைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் எச்சில் கொடுத்தாலும் இந்தக் கேள்வி நகராது. மேஃபிளவர் வழித்தோன்றல் சங்கத்தில் உறுப்பினராக இதெல்லாம் தேவையே இல்லை. அங்கே கணக்கு ரிச்சர்டிலிருந்து கீழே வருகிறது, மேலே யார் என்று அவர்கள் கேட்பதில்லை.